லிங்கன் கவுண்டிக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நியூ மெக்சிகோவின் லாஸ் குரூசஸில் குடியிருப்பதால் எங்கள் வீடு ஒரு சத்திரம் மாதிரி. டாலஸிலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் வருகிற சொந்தக்காரர்கள் வெள்ளை மணல் மேட்டில் சறுக்கி முடித்ததும் "அடுத்து என்ன?" என்பார்கள். வடகிழக்கே இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டி லிங்கன் கவுண்டியைக் காட்டுவேன். போகும் வழியில் அவர்கள் கேட்பதும் திரும்பும் வழியில் கேட்பதும் வருஷா வருஷம் ஒன்றேதான். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதி, கீழே பதிலும் போட்டிருக்கிறேன். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை, அதனால் மேலிருந்து படித்து வாருங்கள்.

லிங்கன்னா நெப்ராஸ்கால இருக்கிற ஊர்தானே?

இல்லை. அது வேறு. இது நியூ மெக்சிகோவின் தென்பகுதியில், மலையும் பாலைவனமும் முட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கும் ஒரு கவுண்டி. நம்மூர்க் கணக்கில் ஒரு மாவட்டம். 1869இல் உருவாக்கி, நான்கு வருஷம் முன்பு சுட்டுக் கொல்லப்பட்ட ஆபிரகாம் லிங்கனின் பெயரை வைத்தார்கள். பரப்பு 4,800 சதுர மைலுக்கு மேல், 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 20,269. ஒரு சதுர மைலுக்கு நாலு பேர். வண்டியில் போகும்போது அந்த நாலு பேரையும் பார்க்க மாட்டீர்கள்.

அப்ப லிங்கன்ங்கிறது ஊரா, மாவட்டமா? கூகுள்ல ரெண்டும் வருது மாமா.

இரண்டும்தான். லிங்கன் என்கிற ஊர், பொனிட்டோ ஆற்றங்கரையில் ஒரே ஒரு தெரு. ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் 1850களில் குடியேறி 'லா பிளாசிட்டா' என்று அழைத்த ஊர் அது. அப்பாச்சிப் பழங்குடியினர் தாக்கும்போது ஒளிந்துகொள்ள அவர்கள் கல்லால் கட்டிய 'டோரியான்' என்ற வட்டக் கோபுரம் இன்னும் நிற்கிறது. கவுண்டி உருவானபோது ஊருக்கும் அதே பெயர் வந்து, அதுவே தலைநகரமும் ஆனது.

பிறகு ரயில் வந்தது. ரயில் நின்ற ஊர் காரிசோசோ. 1909இல் வாக்கெடுப்பு நடத்தித் தலைமையிடத்தை அங்கே மாற்ற முடிவு செய்தார்கள். லிங்கன்காரர்கள் விடவில்லை. வழக்கு வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் வரை போய் 1913இல்தான் ஓய்ந்தது. தோற்றதுதான் லிங்கனுக்கு நல்லதாகப் போயிற்று. ஆபீஸ்கள் போனபின் அந்த ஊரில் இடித்துக் கட்டுவதற்கு யாருக்கும் காசும் இல்லை, காரணமும் இல்லை. அதனால் 1870களின் தெரு அப்படியே தங்கிவிட்டது. இப்போது அங்கே வசிப்பவர்கள் ஐம்பது பேர் அளவில்தான்.

'லிங்கன் கவுண்டி யுத்தம்'னு போர்டு இருக்கே, எந்த நாட்டுக்கும் எந்த நாட்டுக்கும்?

ஒரு மளிகைக் கடைக்கும் இன்னொரு மளிகைக் கடைக்கும். சிரிக்காதீர்கள், உண்மை. லாரன்ஸ் மர்ஃபி, ஜேம்ஸ் டோலன் என்று இரண்டு பேர் லிங்கனில் ஒரு பெரிய கடை வைத்திருந்தார்கள். பக்கத்து ஸ்டான்டன் கோட்டைக்கும் மெஸ்கலேரோ அப்பாச்சிகளின் அரசாங்க ரேஷனுக்கும் மாட்டிறைச்சி, மாவு சப்ளை செய்யும் கான்ட்ராக்ட் அவர்கள் கையில். சுற்றுவட்டாரத்து விவசாயி அத்தனை பேருக்கும் அங்கே கடன் நோட்டு. விதையும் அங்கேதான் வாங்க வேண்டும், விளைச்சலும் அங்கேதான் போட வேண்டும். ஊர் அதைச் சும்மா 'தி ஹவுஸ்' என்றே சொல்லும். நம்மூரில் 'பெரிய வீடு' என்றால் யாரைச் சொல்கிறோம் என்று தெரியுமல்லவா, அந்த மாதிரி.

1876 கடைசியில் ஜான் டன்ஸ்டல் என்ற இருபத்துமூன்று வயது லண்டன்காரர் கையில் அப்பா பணத்தோடு வந்து சேர்ந்தார். வக்கீல் அலெக்சாண்டர் மக்ஸ்வீனோடு சேர்ந்து அதே தெருவில் போட்டிக் கடை திறந்தார். இந்த நேரத்தில் பெரிய வீட்டின் செத்துப்போன ஒரு பங்காளியின் பத்தாயிரம் டாலர் ஆயுள் காப்பீட்டுப் பணம் மக்ஸ்வீனிடம் வந்து, அதில் தகராறு. கோர்ட்டு ஜப்தி உத்தரவு போட்டது. மக்ஸ்வீனும் டன்ஸ்டலும் கூட்டாளிகள் என்று சொல்லி டன்ஸ்டலின் மாடு, குதிரைகளையும் ஜப்தி செய்ய, கவுண்டியின் போலீஸ் தலைவரான ஷெரீஃப் வில்லியம் பிரேடி ஒரு கூட்டத்தை அனுப்பினார். 1878 பிப்ரவரி 18 அன்று அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் டன்ஸ்டலை வழியிலேயே சுட்டுக் கொன்றார்கள்.

அவரிடம் வேலை பார்த்த பையன்கள் பழி வாங்கக் கிளம்பினார்கள். அவர்கள் கையிலும் ஊர் மாஜிஸ்டிரேட் கொடுத்த வாரண்ட் இருந்தது என்பதுதான் வேடிக்கை. இரண்டு கட்சியும் சட்டத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே சுட்டார்கள். ஏப்ரல் 1 அன்று ஷெரீஃப் பிரேடி நடுத்தெருவில் செத்தார். ஜூலை 15 முதல் 19 வரை ஐந்து நாள் தெருச் சண்டை. கடைசி நாள் கோட்டையிலிருந்து கர்னல் டட்லி பீரங்கியோடும் கேட்லிங் துப்பாக்கியோடும் வந்து இறங்கினார். நடுநிலை என்றார், ஆனால் பீரங்கி வாய் மக்ஸ்வீன் பக்கமே திரும்பி இருந்தது. மக்ஸ்வீன் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். இருட்டியதும் உள்ளே இருந்தவர்கள் ஓடினார்கள், மக்ஸ்வீன் சுடப்பட்டுச் செத்தார். இரண்டு கடையில் ஒன்றும் உருப்படவில்லை. பெரிய வீட்டின் கட்டிடத்தைக் கவுண்டியே வாங்கிக் கோர்ட்டும் ஜெயிலுமாக மாற்றியது.

இதுல பில்லி தி கிட் எங்க வர்றான்?

அமெரிக்க மேற்கின் பேர்போன துப்பாக்கிக்காரன் அவன். மேலே சொன்ன 'பையன்களில்' ஒருவன். டன்ஸ்டலிடம் சில மாதம் வேலை பார்த்தவன். அப்போது அவன் தலைவனும் இல்லை, பிரபலமும் இல்லை. ஆனால் அந்தச் சண்டையில் எத்தனையோ பேர் செத்தும், கோர்ட்டு குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னது இவன் ஒருவனைத்தான். பிரேடி கொலைக்காக 1881 ஏப்ரலில் மெசில்லாவில் தூக்குத் தண்டனை. (மெசில்லா எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். அதையும் காட்டுவேன்.) தூக்கில் போட லிங்கனுக்கே கொண்டுவந்து, முன்பு பெரிய வீடாக இருந்த அதே கட்டிடத்தின் மாடியில் விலங்கு மாட்டி வைத்தார்கள்.

ஏப்ரல் 28. ஷெரீஃப் பேட் காரெட் ஊரில் இல்லை. காவலுக்கு இருந்த ஒருவர், ராபர்ட் ஒலிங்கர், மற்றக் கைதிகளை எதிர்ப்புறம் வோர்ட்லி ஓட்டலுக்குச் சாப்பிட அழைத்துப் போயிருந்தார். பில்லி கொல்லைப்புறம் போக வேண்டும் என்றான். போய்த் திரும்பும்போது படிக்கட்டில் இன்னொரு காவலர் ஜேம்ஸ் பெல்லைச் சுட்டான். சத்தம் கேட்டு ஒலிங்கர் ஓடிவர, அவருடைய ஷாட்கன்னை வைத்தே மாடி ஜன்னலிலிருந்து அவரையும் சுட்டான். அப்புறம் தப்பி ஓடினான் என்றுதான் நினைப்பீர்கள். இல்லை, ஏறக்குறைய ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தான். கால் விலங்கை உடைக்கக் கோடாலி மாதிரி ஒரு கருவியைக் கிழட்டுச் சமையற்காரர் ஒருவர் எடுத்துக் கொடுத்தார், குதிரையும் பிடித்துக் கொடுத்தார். ஊர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் தடுக்கவில்லை. பயமா, பாசமா என்று இன்றைக்கும் அங்கே வாதம் நடக்கும்.

ஆகஸ்ட்ல ஏதோ திருவிழாவாமே?

'ஓல்டு லிங்கன் டேஸ்'. வழக்கமாக ஆகஸ்ட் முதல் வாரக்கடைசி. அதன் உயிர் 'பில்லி தி கிட்டின் கடைசித் தப்பித்தல்' என்ற நாடகம், 1940இல் ஆரம்பித்தது. திறந்தவெளி மேடை, நிஜக் குதிரை, வெற்றுத் தோட்டா. நடிப்பவர்கள் தொழில் நடிகர்கள் இல்லை. சுற்றுவட்டாரத்துப் பண்ணைக்காரர், ஆசிரியை, பள்ளிப் பிள்ளைகள். சின்னப் பையனாகத் தெருவில் ஓடுகிற வேஷம் போட்டவர் வளர்ந்து ஷெரீஃப் வேஷம் கட்டுவது அங்கே சாதாரணம்.

நாடகம் சுமார்தான், அதை ஒளிக்க மாட்டேன். வசனம் சில இடத்தில் காற்றில் போய்விடும். நான் போன ஒரு வருஷம் மேடைக்கு வந்த குதிரை, துப்பாக்கி வெடித்ததும் பில்லியைக் கீழே விட்டுவிட்டுத் தனியாகத் தப்பித்துப் போனது. கூட்டம் கைதட்டிய தட்டில் மலை எதிரொலித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி அடுத்த வசனத்தை நடிகருக்கு முன்னாலேயே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் வருஷா வருஷம் போவது அந்தப் பாட்டிகளுக்காகத்தான். பகலில் தெருவோரம் கொல்லர் பட்டறை, கம்பளி நூற்பு, கைவினைச் சந்தை எல்லாம் உண்டு.

குடை, ஸ்வெட்டர் இரண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் அங்கே மழைக்காலம். மூன்று மணிக்கு வெயில் சுட்டெரிக்கும், நாலு மணிக்கு இடியோடு கொட்டும், ராத்திரி ஐயாயிரத்து எழுநூறு அடி உயரத்துக் குளிர் வந்துவிடும்.

அங்க சைவம் கிடைக்குமா அண்ணா?

லிங்கனில் சாப்பாட்டுக்கடையையே நம்பிப் போகாதீர்கள். பெட்ரோல் பங்க் கிடையாது. பன்னிரண்டு மைல் தள்ளி இருக்கும் கேப்பிடனில் டேங்கையும் வயிற்றையும் நிரப்பிக்கொண்டு போங்கள். நியூ மெக்சிகோவில் எந்த ஓட்டலிலும் "சிவப்பா, பச்சையா?" என்று கேட்பார்கள், மிளகாய்க் குழம்பைச் சொல்கிறார்கள். பச்சைக் குழம்பில் பன்றிக்கறி போட்டிருக்கலாம், பின்ட்டோ பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருக்கலாம். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். எங்கள் அத்தை புளிசாதம் கட்டிக்கொண்டுதான் வருவார், நானும் அதையே சிபாரிசு செய்வேன்.

துப்பாக்கி, ரத்தம்னு ஒரே இதுவா இருக்கே. பசங்களுக்கு ஏதாவது?

கரடி இருக்கிறது. அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஸ்மோக்கி கரடியைத் தெரியாமல் இருக்காது. தொப்பி போட்டுக்கொண்டு, காட்டுத்தீயைத் தடுப்பது உன் கையில்தான் என்று விரல் நீட்டுமே, அதுதான். போஸ்டரில் அது பிறந்தது 1944. உயிருள்ள ஸ்மோக்கி கிடைத்தது 1950 மே மாதம், இந்தக் கவுண்டியின் கேப்பிடன் மலையில்.

அந்தத் தீ 17,000 ஏக்கரைத் தின்றது. தீயணைக்கப் போன இருபதுக்கும் மேற்பட்ட ஆட்கள் நெருப்பு சூழ்ந்ததும் ஒரு பாறைச் சரிவில் முகத்தைப் புதைத்துப் படுத்து உயிர் தப்பினார்கள். கருகிய மரத்தைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு கரடிக்குட்டியின் பாதமெல்லாம் வெந்திருந்தது. சாண்டா ஃபேயில் வனவிலங்கு இலாகா அலுவலர் ரே பெல் தன் வீட்டிலேயே வைத்துத் தேற்றினார். பிறகு விமானத்தில் வாஷிங்டன் மிருகக்காட்சி சாலைக்கு. வந்து குவிந்த கடிதங்களுக்காக அதற்குத் தனி அஞ்சல் குறியீட்டு எண்ணே கொடுத்தார்கள். 1976இல் செத்ததும் உடலைக் கேப்பிடனுக்குத் திரும்பக் கொண்டுவந்து புதைத்தார்கள். கல்லறை இருக்கும் பூங்காவில் சின்ன அருங்காட்சியகமும் உண்டு. மே மாதம் ஸ்மோக்கி பெயரில் ஊர்வலம், ஜூலை 4 ஒட்டி மாடு அடக்கும் ரோடியோ. நாடகத்தைவிட ஊர்வலம் எனக்குப் பிடிக்கும். தீயணைப்பு வண்டிகள் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே வரும், மிட்டாய் மழை பொழியும்.

ஒயிட் ஓக்ஸ் பேய் ஊர்னு போட்டிருக்கு. பேய் இருக்கா?

ஆள் இல்லாத ஊரை அங்கே அப்படிச் சொல்வார்கள், அவ்வளவுதான். உண்மையில் கொஞ்சம் பேர் வசிக்கிறார்கள், ஒரு மதுக்கடையும் உண்டு. 1879இல் தங்கம் கிடைத்து, சில வருஷத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் ஜனம் சேர்ந்தது. ரயில் எப்படியும் நம் ஊருக்குத்தான் வந்தாக வேண்டும் என்று நிலத்துக்கு விலையை ஏற்றிக் கேட்டார்கள் என்பது அங்கே சொல்லும் கதை. ரயில் 1899இல் பன்னிரண்டு மைல் தள்ளி, மேலே சொன்ன காரிசோசோ வழியாகப் போய்விட்டது. பேராசைக்கு உதாரணமாக என் மாமனார் இந்தக் கதையைச் செங்கல்பட்டில் வீடு வாங்கப்போன ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இடுகாட்டைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். நியூ மெக்சிகோ மாநிலமானபோது முதல் கவர்னராக இருந்த வில்லியம் மக்டொனால்டு அங்கே இருக்கிறார். செத்துப்போன வக்கீலின் மனைவி சூசன் மக்ஸ்வீனும் அங்கேதான். வீடு எரிந்து, புருஷன் செத்தபின் அவர் ஒடுங்கிப்போகவில்லை. கர்னல் டட்லி மேல் வழக்குப் போட வக்கீல் வைத்தார். அந்த வக்கீலையும் லிங்கன் தெருவில் கொன்றார்கள், டன்ஸ்டல் செத்து சரியாக ஒரு வருஷம் கழித்து, அதே பிப்ரவரி 18இல். பிறகு மாடு வளர்த்து 'நியூ மெக்சிகோவின் மாட்டு ராணி' என்று பெயர் வாங்கி 1931 வரை வாழ்ந்தார். அவர் பெயரில் ஒரு விழா இல்லை என்பது எனக்குக் குறைதான்.

ஸ்டான்டன் கோட்டைல என்ன பாக்க இருக்கு?

கடலே இல்லாத மாநிலத்தில் மாலுமிகளின் கல்லறைத் தோட்டம் பார்த்திருக்கிறீர்களா? 1855இல் அப்பாச்சிகளுக்கு எதிராகக் கட்டிய கோட்டை, 1899இல் காசநோய் பிடித்த வணிகக் கப்பல் மாலுமிகளுக்கான மருத்துவமனை ஆனது. அப்போது மருந்து என்றால் மலைக்காற்றுதான். தேறாதவர்கள் அங்கேயே, ஒரு சரிவில், வரிசை வரிசையாக.

இரண்டாம் உலகப்போரில் இன்னொரு கூத்து. 'கொலம்பஸ்' என்ற ஜெர்மன் சொகுசுக் கப்பல் பிரிட்டிஷார் கையில் சிக்கக்கூடாது என்று 1939 டிசம்பரில் தன்னைத்தானே மூழ்கடித்துக்கொண்டது. அதன் சிப்பந்திகளை 1941இல் இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். அவர்கள் தோட்டம் போட்டார்கள், நீச்சல் குளம்கூட வெட்டினார்கள். கோட்டைக் கட்டிடங்களில் பல இன்னும் நிற்கின்றன.

பறக்கும் தட்டு விழுந்தது ராஸ்வெல்லதானே? அதுக்கும் இந்த கவுண்டிக்கும் என்ன சம்பந்தம்?

விழுந்த இடம் இந்தக் கவுண்டிதான். 1947இல் கொரோனா என்ற ஊருக்குத் தென்கிழக்கே ஒரு பண்ணையில் மாக் பிரேசல் என்ற மேற்பார்வையாளர் ரப்பர் துண்டு, ஈயத்தாள் மாதிரி பளபளப்பு, குச்சி என்று ஒரு குப்பை பரவிக் கிடப்பதைப் பார்த்தார். பண்ணையில் போன் கிடையாது. எடுத்துக்கொண்டு போய்ச் சொன்னது அடுத்த கவுண்டியிலிருக்கும் ராஸ்வெல் ஷெரீஃபிடம். அங்கே விமானப்படைத் தளம் இருந்தது, ஜூலை 8 அன்று 'பறக்கும் தட்டு' என்று அறிக்கை விட்டுவிட்டு அன்றைக்கே பலூன் என்றார்கள். சோவியத் அணு வெடிப்பை ஒட்டுக்கேட்க ரகசியமாக விட்ட 'மோகல்' பலூன் வரிசை என்று 1994இல் விமானப்படையே விளக்கியது.

இந்தக் கவுண்டியின் தலையெழுத்து இதுதான். தட்டு விழுந்தது இங்கே, பொம்மைக் கடை வைத்தது ராஸ்வெல். பில்லி தப்பித்தது இங்கே, அவன் கல்லறைக்குக் கூட்டம் சேர்வது வடக்கே ஃபோர்ட் சம்னரில். கரடி மட்டும்தான் திரும்பி வந்தது.

அணுகுண்டு சோதனை பக்கத்துலதானாம். போறது பாதுகாப்பா?

1945 ஜூலை 16 டிரினிட்டி சோதனை நடந்த இடம் பக்கத்து சொக்கோரோ கவுண்டியில். காரிசோசோவிலிருந்து நாற்பது மைலுக்குள். ஒருநாள் போய் வருகிறவருக்குப் பயம் தேவையில்லை. அன்றைக்கு அங்கே வாழ்ந்தவர்கள் கதை வேறு. அவர்களை முன்கூட்டி எச்சரிக்கவும் இல்லை, வெளியேற்றவும் இல்லை. சாம்பல் விழுந்த தொட்டித் தண்ணீரையே குடித்தார்கள். வீட்டுக்கு வீடு புற்றுநோய் என்று பல தலைமுறை முறையிட்ட பிறகு, 2025 ஜூலையில்தான் நஷ்டஈட்டுச் சட்டத்தில் நியூ மெக்சிகோக்காரர்களையும் சேர்த்தார்கள்.

ருய்டோசோ குதிரைப் பந்தயம் இன்னும் நடக்குதா? எரிஞ்சு போச்சுன்னாங்களே.

ருய்டோசோ இந்தக் கவுண்டியின் மலை ஊர். தீயும் வெள்ளமும் இரண்டும் வந்தன. 2024 ஜூனில் சவுத் ஃபோர்க், சால்ட் என்ற இரண்டு தீயில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிடங்கள் போயின. மரம் எரிந்த மலை தண்ணீரைப் பிடிக்காது. 2025 ஜூலை 8இல் வந்த வெள்ளத்தில் மூன்று பேர் செத்தார்கள், பந்தய மைதானமும் சேறாகிப்போனது. 1959 முதல் செப்டம்பரில் வரும் அமெரிக்கத் தொழிலாளர் தினத்தன்று ஓடும் 'ஆல் அமெரிக்கன் ஃப்யூச்சுரிட்டி' 2025இல் ஆல்புகர்க்கிக்கு இடம் மாறியது. 440 கெஜ ஓட்டம், இருபத்தொரு வினாடியில் முடிந்துவிடும், பரிசோ பல லட்சம் டாலர். இனி எங்கே ஓடும் என்பதை டிக்கெட் வாங்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஓட்டல், கடைகள் திறந்திருக்கின்றன. போய்ச் செலவு செய்வது அந்த ஊருக்கு உதவி.

பில்லி இடது கைக்காரனாமே? இருபத்தோரு பேரைக் கொன்னானாமே?

இரண்டும் இல்லை. அவனுடைய ஒரே உறுதியான படம் தகரத் தகட்டில் எடுத்தது, அது கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறி விழும். கையிலிருக்கும் வின்செஸ்டரில் தோட்டா போடும் வாய் தப்பான பக்கத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். அந்தத் தகடு 2011இல் 23 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இருபத்தோரு கொலை, இருபத்தோரு வயசு என்பது எதுகைக்காகச் சேர்ந்த கணக்கு. தனியாக நாலு, கூட்டாக இன்னும் சில என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள்.

அது சரி, கொலைகாரனுக்கு ஊரே கூடி விழா எடுக்கிறது தப்பில்லையா?

இதைக் கேட்டது என் சித்தப்பா, ரிட்டயர்டு போலீஸ்காரர். பில்லிக்கு ஒரு வாதம் உண்டு. 1879 மார்ச் 17 ராத்திரி கவர்னர் லூ வாலஸ் லிங்கனிலேயே அவனை நேரில் சந்தித்து, சூசன் மக்ஸ்வீன் வைத்த வக்கீலின் கொலைக்குச் சாட்சி சொன்னால் மன்னிப்பு என்றார். சொன்னான். மன்னிப்பு வரவில்லை. 2010இல் கவர்னர் பில் ரிச்சர்ட்சன் இறந்தவனுக்கு அந்த மன்னிப்பைக் கொடுக்கலாமா என்று பரிசீலித்து, பதவியின் கடைசி நாளில் முடியாது என்று விட்டார்.

எதிர்வாதமும் கனமானதுதான். பிரேடிக்கு மனைவியும் நிறையக் குழந்தைகளும் இருந்தார்கள். பெல் யாருக்கும் கெடுதல் நினைக்காதவர் என்றே எழுதியிருக்கிறார்கள். நான் விழாவைப் பில்லிக்கு எடுப்பதாகப் பார்ப்பதில்லை, கடன் நோட்டில் மாட்டிக்கொண்ட ஒரு ஊர் தன் கதையைத் தானே நடித்துப் பார்க்கிறது. ஆனால் இந்தப் பதில் சித்தப்பாவிடம் எடுபடவில்லை. பழைய கோர்ட்டுக் கட்டிடத்துப் படிக்கட்டின் அடியில், சுவரில் ஒரு தோட்டா ஓட்டையைக் காட்டுவார்கள். எல்லாரும் அதில் விரலை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா படியேறிப் போய், பெல் விழுந்த இடம் எது என்று வழிகாட்டியிடம் கேட்டு, அங்கே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.